மணலிடம் பாடம் கற்ற ஆர்தர் காட்டன்



மணல் மேல் கட்டினால் நிற்காது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்று மணல் மேலேயே அணை கட்டி நிறுத்திக் காட்டிய ஒருவரின் வரலாற்றை இங்கே தருகிறேன்.

சர் ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். 1821-இல் கம்பெனியின் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். 1828-இல் காவிரிப் பாசனப் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. அப்போது திருச்சிக்கு மேற்கே, காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில், தண்ணீர் கொள்ளிடத்துப் பக்கமே அதிகம் ஓடியது. காவிரி மணல் மேவிப் போனது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி பிறந்த சீமையாச்சே அது!

கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணை வேண்டும். தோண்டத் தோண்ட மணல்தான். என்ன செய்வது?

கரிகாலன் கட்டியதாக நாம் போற்றும் கல்லணையை அவர் ஆராய்ந்தார். நம் முன்னோர் மணலில் பெரிய கற்களைப் போட்டார்கள். அடியில் நீர் மணலை அரிக்க அரிக்கக் கல் இறங்கும். அதன் மேல் இன்னும் கல். இனி இறங்காது என்ற நிலை வந்ததும் அதுவே அஸ்திவாரம்! இந்த வித்தையைக் கல்லணையில்தான் கற்றேன் என்று காட்டன் ஒளிக்காமல் எழுதி வைத்தார். ஆளவந்த நாட்டு அதிகாரி, படித்த பட்டணத்தார் மறந்துவிட்ட கொத்தனாரை குருவாக ஏற்றார் பாருங்கள், அதுதான் பெருமை.

மணலின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மணல் துகளுக்குப் பசை கிடையாது. ஒன்றோடொன்று உராய்ந்துதான் நிற்கிறது. மேலே பாரம் அழுத்தினால் உராய்வு கூடும், மண் வலுக்கும். இடையில் புகுந்த தண்ணீர் நெருக்கினால் துகள்கள் தளர்ந்துவிடும், வலு போய்விடும். இதைக் கணக்காக்கி 1925-இல் நூல் எழுதியவர் கார்ல் தெர்சாகி. காட்டன் காலத்தில் அந்தக் கணக்கு இல்லை; கண்ணும் பொறுமையும்தான் இருந்தன.

1836-இல் முக்கொம்பில் மேலணை எழும்பியது. பிறகு காவிரியில் தண்ணீர் அளவுக்கு மீறி வந்தது. அதற்கும் 1845-இல் ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. ஆற்று வேலை ஒரே நாளில் முடிகிற வேலையா? அடுத்து கோதாவரி. ஏறக்குறைய 4 மைல் அகலம்! காய்ச்சல் வாட்டியும் விடவில்லை. 1847-இல் தொடங்கி 1852-இல் தவளேஸ்வரம் அணை முடிந்தது. பஞ்சம் கண்ட பூமி நெல் விளைத்தது. ஆந்திர மக்கள் இன்றும் அவருக்கு மாலை போடுகிறார்கள். 1899-இல், 96-ஆம் வயதில் மறைந்தார்.

2018 ஆகஸ்ட் 22-இல் வெள்ளத்தில் அதே முக்கொம்பு அணையின் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. கட்டியவர் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது; பின்னால் வருகிறவர்கள் தினமும் பார்த்துக்கொள்ளணும்.

கோலா தெர்லா சரிவுகளுக்கும் இது பொருந்தும். கேமரன் மலை மண்ணில் பெரும்பகுதி கருங்கல் சிதைந்து உண்டான மணற்பாங்கான மண். அடைமழையில் நீர் உள்ளே தங்கினால் சரிவு நழுவும். ஆகவே வடிகாலைத் தூர் வாரும் அப்பாவின் வேலை அற்ப வேலையில்லை, பிள்ளைகளே! அவரிடம் மண்ணைப் பற்றிக் கேளுங்கள். பிறகு கணக்கும் அறிவியலும் படியுங்கள். இரண்டும் சேர்ந்தால் உங்களில் ஒருவர் நாளை நம் மலைக்கே பொறியாளராக வரலாம்.