மன்றம் கண்ட மிதவாதி

1912ஆம் ஆண்டு மார்ச் மாதம். கல்கத்தாவில் கூடியிருந்த வைசிராயின் சட்டமன்றத்தில், தொடக்கக் கல்வி பற்றிய சட்ட முன்வரைவு ஒன்று இரண்டு நாள் விவாதத்திற்குப் பின் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 13 வாக்குகள் விழுந்தன. எதிராக 38 வாக்குகள். முன்வரைவைக் கொண்டுவந்த உறுப்பினருக்கு அப்போது வயது 45. நீரிழிவு நோய் அவரது உடலைத் தளர்த்தியிருந்தது. ஆயினும் மாதக்கணக்கில் புள்ளிவிவரங்களைத் திரட்டி, எதிர்ப்போர் ஒவ்வொருவருக்கும் விடை சொல்லிவிட்டே அவர் அமர்ந்தார். தோல்வி அவருக்கு வியப்பளிக்கவில்லை. தாம் தோற்கப்போவதை அவர் மன்றத்திலேயே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். அவர்தாம் கோபால கிருஷ்ண கோகலே.

வெற்றி பெற வழியில்லாத ஓர் அவையில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒருவர் ஏன் உழைத்தார்? அங்கு அவர் எதைச் சாதித்தார்? அவருடைய வாழ்வைப் படிப்போர் மனத்தில் இவ்வினாக்கள் எழாமல் இரா.

இளமையும் ஆசிரியப் பணியும்

கோகலே 1866ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், மகாராட்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் உள்ள கோட்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். குடும்பச் சுமையைத் தமையனார் கோவிந்தராவ் ஏற்றார். மாதம் 15 ரூபாய் ஊதியம் பெற்ற அவர், அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவந்தார். அந்த எட்டு ரூபாயின் அருமை கோகலேவுக்கு இறுதிவரை மறக்கவில்லை. வறுமையின் காரணமாகப் படிப்பை இழக்கும் சிறுவர்களைப் பற்றி அவர் பிற்காலத்தில் பேசியபோது, தாமே கண்டறிந்ததைப் பேசினார்.

1884இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றதும், அரசுப் பணியோ வழக்கறிஞர் தொழிலோ தேடிச் செல்லாமல் புனே நகரில் ஆசிரியரானார். தக்காணக் கல்விக் கழகத்தின் உறுப்பினர்கள் மாதம் 75 ரூபாய் ஊதியத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்ற உறுதி ஏற்றிருந்தனர். கோகலேயும் அவ்வுறுதியை ஏற்றார். பெர்குசன் கல்லூரியில் ஆங்கிலம், கணிதம், வரலாறு, பொருளியல் எனத் தேவைக்கேற்பப் பல பாடங்களைக் கற்பித்தார். அவர் எழுதிய எண்கணிதப் பாடநூல் பல பள்ளிகளில் பயன்பட்டது.

புனேயில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேவின் நட்பு அவருக்கு வாய்த்தது. ரானடே கண்டிப்பான ஆசான். அரசின் அறிக்கைகளையும் கணக்குகளையும் வரிவரியாகப் படிக்கவைப்பார். எழுதிக் கொண்டுவரும் கட்டுரையில் சிறு பிழை இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். உணர்ச்சியால் அன்றிச் சான்றுகளால் வாதிடும் பழக்கம் கோகலேவுக்கு இவ்வாறு வந்தது.

1897இல் இந்திய அரசின் செலவினங்களை ஆராய இலண்டனில் அமைந்த வெல்பி ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். சென்னையிலிருந்து சென்ற ஜி. சுப்பிரமணிய ஐயரும் அங்குச் சாட்சியம் அளித்தவர்களுள் ஒருவர். அப்போது புனேயில் பிளேக் நோய் பரவியிருந்தது. நோய்த்தடுப்புப் பணியில் ஈடுபட்ட படைவீரர்கள் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டனர் என்று நண்பர்கள் எழுதிய மடல்களை நம்பி, கோகலே அச்செய்தியை இங்கிலாந்தில் வெளியிட்டார். நாடு திரும்பியபின் அதை மெய்ப்பிக்கச் சான்று கிடைக்கவில்லை. எழுதியவர்களின் பெயரைச் சொல்லவும் அவர் விரும்பவில்லை. எனவே தாமே பொறுப்பேற்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கோழை என்று பலர் இகழ்ந்தனர். சில ஆண்டுகள் அந்தப் பழி அவரைத் தொடர்ந்தது. அதன்பின் மன்றத்தில் அவர் கூறிய எந்த எண்ணையும் ஆதாரமின்றிக் கூறியதில்லை என்பது இந்நிகழ்வோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

எண்களே படைக்கலம்

1899இல் பம்பாய்ச் சட்டமன்றத்திலும், பெரோஸ்ஷா மேத்தாவை அடுத்து 1902இல் வைசிராயின் சட்டமன்றத்திலும் கோகலே உறுப்பினரானார். அக்காலச் சட்டமன்றத்தை இன்றைய மன்றங்களோடு ஒப்பிட இயலாது. அங்கு அரசு அலுவலர்களே பெரும்பான்மையினர். வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம். அதன்மீது வாக்களிக்க முடியாது. உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரும் உரிமைகூட 1909ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே கிடைத்தது. வாக்கால் வெல்ல இயலாத அவையில், அரசு வெட்கப்படும்படி உண்மையை எடுத்துவைப்பது ஒன்றே வழியாக இருந்தது.

1902 மார்ச்சில் அவர் ஆற்றிய முதல் வரவுசெலவு உரை அத்தகையது. அரசின் கணக்கில் அப்போது ஆண்டுதோறும் உபரி இருந்தது. அது நாட்டின் செழிப்பைக் காட்டுகிறது என்று அலுவலர்கள் பெருமையடைந்தனர். கோகலே அதை மறுத்தார். அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இரு பெரும் பஞ்சங்கள் நாட்டை வாட்டியிருந்தன. மக்கள் மடிந்த காலத்தில் கருவூலம் நிறைந்தது எப்படி? ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது, இங்கிலாந்துக்கு அனுப்பவேண்டிய தொகையை ஈடுகட்டுவதற்காக வரிகள் உயர்த்தப்பட்டன. பின்னர் ரூபாயின் மதிப்பு உயர்ந்தது, ஆனால் உயர்த்திய வரிகள் குறைக்கப்படவில்லை. உபரி என்பது ஏழைகளிடமிருந்து தேவைக்கு மேல் வாங்கிய பணமே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

அவ்வரிகளுள் கொடியது உப்பு வரி. மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த அதைக் குறைக்கவேண்டும் என்று ஆண்டுதோறும் வலியுறுத்தினார். 1903இல் அது இரண்டு ரூபாயாகவும், 1905இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. வருமான வரி விலக்கின் வரம்பும் 1903இல் ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. இவையனைத்தும் அவர் ஒருவரால் மட்டுமே நிகழ்ந்தன என்று கூறுவது மிகை. எனினும் குடிசையில் வாழ்பவனின் உப்பைப் பற்றி அந்த மாளிகையில் இடைவிடாமல் பேசியவர் அவர்.

இராணுவச் செலவைக் குறைத்தல், உயர்பதவிகளில் இந்தியரை அமர்த்தல், இந்திய ஆலைத் துணிகளின்மீது சுமத்தப்பட்ட வரியை நீக்குதல் ஆகியனவும் அவருடைய கோரிக்கைகள். கர்சன் பிரபுவின் பல்கலைக்கழகச் சட்டத்தையும், அரசு இரகசியச் சட்டத் திருத்தத்தையும் எதிர்த்தார். சமூகத்திற்குள் இருந்த அநீதியையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1903இல் தார்வாரில் நடந்த சமூகச் சீர்திருத்த மாநாட்டில், தென்னாப்பிரிக்காவில் இந்தியர் இழிவுபடுத்தப்படுவதைக் கண்டு கொதிக்கும் நாம், நம் நாட்டில் ஒடுக்கப்பட்டோரை நடத்தும் முறையை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று இடித்துரைத்தார்.

1905இல் காசியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு வயது 39. வங்கப் பிரிவினையைக் கடுமையாகக் கண்டித்தார், சுதேசியத்தை வரவேற்றார். ஆனால் அந்நியப் பொருள் மறுப்பை எல்லாத் துறைகளுக்கும் விரிப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. படிப்படியாக, சட்ட வழியில், தன்னாட்சி பெறவேண்டும் என்பதே அவர் கொள்கை. திலகரின் வழி வேறு. இருவரும் புனேயைச் சேர்ந்தவர்கள். ஒரே கல்விக் கழகத்தில் பணியாற்றியவர்கள். 1907இல் சூரத்தில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபோது இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

கோகலேயின் எல்லா முடிவுகளும் பின்வந்தோரால் ஏற்கப்பட்டவை அல்ல. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தை அவர் எதிர்த்து வாக்களிக்கவில்லை. சிறுபான்மையோரின் அச்சம் நீங்கவேண்டும் என்று கருதித் தனித்தொகுதி முறையையும் ஏற்றுக்கொண்டார். ஆட்சியாளரின் நேர்மையில் அவர் வைத்த நம்பிக்கை அளவுக்கு மீறியது என்று கூறுவோர் உண்டு. அக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கடல்கடந்தோர் கண்ணீர்

1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், தமிழகத் தொழிலாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசென்றது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டுகள் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் சென்றனர். ஒப்பந்தம் முடிந்தபின்னும் அங்கேயே வாழ விரும்புவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி செலுத்தவேண்டும் என்று பின்னாளில் சட்டம் வந்தது. பதினாறு வயது மகனுக்கும் பதின்மூன்று வயது மகளுக்கும்கூடத் தனித்தனியே இவ்வரி உண்டு.

தீர்மானம் கொண்டுவரும் உரிமை கிடைத்ததும், 1910 பிப்ரவரியில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்யவேண்டும் என்று கோகலே தீர்மானம் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்றது. 1911 ஜூலை முதல் அங்கு ஆள் அனுப்புவது நின்றது. ஒப்பந்தக் கூலிமுறையையே அடியோடு ஒழிக்கவேண்டும் என்று 1912இல் அவர் கொண்டுவந்த தீர்மானமோ தோற்றது. அவ்வாண்டு இறுதியில், நோயுற்ற நிலையிலும் தென்னாப்பிரிக்கா சென்றார். காந்தியடிகள் உடனிருந்து வழிநடத்த, நகர்தோறும் தொழிலாளரைச் சந்தித்தார். போத்தா, சுமட்சு ஆகிய அமைச்சர்களிடம் பேசி, தலைவரி நீங்கும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். அந்நாட்டு அரசு அத்தகைய வாக்குறுதியே தரவில்லை என்று பின்னர்ச் சாதித்தது. 1913இல் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கோகலே படுக்கையிலிருந்து எழுந்து நாடெங்கும் நிதி திரட்டினார். அடுத்த ஆண்டு அந்த வரி நீக்கப்பட்டது.

தோற்ற முன்வரைவு

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே. ஐந்து ஊர்களில் நான்கில் பள்ளி இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டிருந்தது. பரோடா அரசர் சாயாஜிராவ் தம் நாட்டில் 1906 முதல் கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்தியிருந்தார். ஓர் இந்திய அரசரால் இயன்றது பேரரசுக்கு ஏன் இயலாது என்று கோகலே கேட்டார்.

1910 மார்ச்சில் இதுபற்றித் தீர்மானம் கொண்டுவந்தார். கருதிப் பார்ப்பதாக அரசு கூறவே, அதைத் திரும்பப் பெற்றார். ஓராண்டு காத்திருந்தபின் 1911 மார்ச்சில் சட்ட முன்வரைவையே கொண்டுவந்தார். அதில் அவர் கேட்டது மிகச் சிறிது. ஏற்கெனவே குறிப்பிட்ட விழுக்காட்டுச் சிறுவர் பள்ளிக்குச் செல்லும் பகுதிகளில் மட்டும், உள்ளாட்சி அமைப்புகள் விரும்பினால், அரசின் இசைவோடு, ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள ஆண்பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். சிறுமியருக்கு அதைப் பின்னர் விரிக்கலாம். மாதம் பத்து ரூபாய்க்குக் குறைவாக வருவாய் உள்ள பெற்றோரிடம் கட்டணம் கேட்கக்கூடாது. செலவை அரசும் உள்ளாட்சியும் பகிர்ந்துகொள்ளவேண்டும்.

இத்துணை அடக்கமான கோரிக்கைக்கும் எதிர்ப்பு கிளம்பியது. பணமில்லை என்றனர் அலுவலர். மக்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்றன மாகாண அரசுகள். வயலில் வேலை செய்யப் பிள்ளைகள் கிடைக்கமாட்டார்கள் என்னும் அச்சம் நிலவுடைமையாளரிடம் இருந்தது. அன்னிபெசன்ட் போன்றோர் வெளியிலிருந்தும், முகம்மது அலி ஜின்னா போன்ற இளம் உறுப்பினர் அவையிலும் ஆதரித்தனர். இறுதி உரையில் கோகலே எவரையும் குறைகூறவில்லை. தம் தலைமுறைக்கு வாய்த்த தொண்டு தோல்வியின் வழியாகச் செய்யும் தொண்டுதான் என்றும், வெற்றியால் தொண்டு செய்யும் தலைமுறை பின்னே வரும் என்றும் அவர் பேசியது அவைக்குறிப்பில் உள்ளது. வாக்கெடுப்பின் முடிவு முன்னரே கூறப்பட்டது.

இறுதி நாள்கள்

மன்றத்திற்கு வெளியேயும் அவர் ஓர் அமைப்பை உருவாக்கியிருந்தார். 1905 ஜூன் 12இல் புனேயில் அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில், சிறு படி மட்டும் பெற்றுக்கொண்டு வாழ்நாளைப் பொதுப்பணிக்கு அளிப்போர் சேர்ந்தனர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் பதவியைத் துறந்து 1907இல் அதில் சேர்ந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். கோகலேவுக்குப்பின் சங்கத்தின் தலைமை அவரிடமே வந்தது.

1914இல் அரசு அளிக்க முன்வந்த ‘சர்’ பட்டத்தைக் கோகலே ஏற்கவில்லை. 1915 சனவரியில் காந்தியடிகள் நாடு திரும்பினார். ஓராண்டுக் காலம் எதைப்பற்றியும் கருத்துரைக்காமல் நாட்டைச் சுற்றிப் பார்க்குமாறு அவரிடம் கோகலே கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம், பிப்ரவரி 19ஆம் நாள், புனேயில் உயிர்நீத்தார். அவருக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை. எரியூட்டும் இடத்திற்கு வந்த திலகர், வாழ்நாளெல்லாம் எதிரணியில் நின்றவரைப் போற்றிப் பேசினார்.

ஒப்பந்தக் கூலிகளைப் புதிதாக அனுப்புவது 1917இல் நிறுத்தப்பட்டது. 1918இல் வித்தல்பாய் படேல் கொண்டுவந்த தொடக்கக் கல்விச் சட்டம் பம்பாய் மாகாணத்தில் நிறைவேறியது. 1920இல் சென்னை மாகாணமும் தனக்கெனத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய சட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள். கோகலே தம் கல்வித் தீர்மானத்தை மன்றத்தில் வைத்து அப்போது நூறாண்டுகளும் சில நாள்களும் கடந்திருந்தன.