குரு தட்சணை



மெக்கானிக்கல் படிக்கிறவன் பூவைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு சிரிக்காதீங்க. விஷயம் இருக்கு.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு முதல் வருஷம் வகுப்பில் ஒன்றுமே புரியவில்லை. மணி அடித்த பிறகும் நின்று தமிழில் சொல்லித் தந்தவர் எங்கள் ஒர்க்‌ஷாப் ஆசிரியர். அவர் ஓய்வு பெறப் போகிறார், என்ன வாங்கித் தரலாம் என்று நாங்கள் காசு வசூலித்துக் கொண்டிருந்த சமயத்தில்தான் பஞ்சானன் மகேஸ்வரியின் வாழ்க்கையைப் படித்தேன்.

1904 நவம்பரில் ஜெய்ப்பூரில் பிறந்தவர் மகேஸ்வரி. அலகாபாத் ஈவிங் கிறிஸ்தவக் கல்லூரியில் டட்ஜன் என்ற அமெரிக்க ஆசிரியர் அவருக்குத் தாவரவியலில் ஆசை மூட்டினார். இதற்குக் கைம்மாறாக என்ன செய்யட்டும் என்று மாணவர் கேட்டாராம். நான் உனக்குச் செய்ததை நீ உன் மாணவர்களுக்குச் செய், அது போதும் என்றாராம் ஆசிரியர்.

அந்தக் கடனை அடைப்பதே அவர் வாழ்க்கை ஆயிற்று. ஆக்ரா, லக்னோ, டாக்கா என்று பாடம் நடத்தி, 1949-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் வந்தார். பூக்கும் தாவரங்களின் கருவியல் பற்றி 1950-இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பாடநூலானது.

மகரந்தம் பிறக்கும் கதையும் அதில் உண்டு. மகரந்தப்பைக்குள் இருக்கும் ஒவ்வொரு தாய்செல்லும் குன்றல் பகுப்பில் நான்காகப் பிரியும். நான்கிலும் குரோமோசோம் பாதிதான். இவற்றைச் சுற்றி டபீட்டம் என்ற செல் அடுக்கு ஒன்று இருக்கு. குஞ்சு செல்களுக்குச் சாப்பாடு போடுவது அதுதான். அமிலத்துக்கும் அசையாத வெளிச்சுவருக்குப் பொருள் தருவதும் அதுதான். மகரந்தம் முற்றும்போது டபீட்டம் கரைந்து காணாமலே போய்விடும். எனக்கு எங்க சார் ஞாபகம் வந்தது.

மகேஸ்வரி வளர்த்த துறையும் அப்படித்தான் பலன் தந்தது. 1962-இல் அவரும் சக ஆய்வாளர்களும் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக்குழாயிலேயே கருவுறச் செய்தார்கள். 1964-இல் அதே டெல்லியில் சிப்ரா குகாவும், இவருடைய மகன் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தை இனச் செடி ஒன்றின் இளம் மகரந்தப்பைகளைச் சத்துக் கலவையில் வைத்தார்கள். பார்க்க நினைத்தது குன்றல் பகுப்பை. கிடைத்ததோ மகரந்தத்திலிருந்தே முளைத்த கருக்கள்! பிறகு நெல், கோதுமையில் புது ரகம் உருவாக்கவும் இந்த வழி உதவியது.

1965-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1966 மே 18-இல் காலமானார். பள்ளிப் பிள்ளைகளுக்கான உயிரியல் பாடநூலுக்கும் தலைமையேற்று உழைத்துவிட்டுத்தான் போனார்.

நாங்கள் கடைசியில் சாருக்கு ஒரு பொன்னாடை மட்டும் போர்த்தினோம். மிச்சக் காசில் டிராயிங் ஷீட் வாங்கியாச்சு. முதலாண்டுத் தம்பிகளுக்குச் சனிக்கிழமைதோறும் தமிழில் சொல்லித்தர நாலு பேர் பெயர் கொடுத்திருக்கோம்.

அஞ்சாவது பெயர் உங்களுடையதாக இருக்கட்டுமே!