அரையணா தந்த திருப்பம்

உரைநடை – வாழ்க்கை வரலாறு

நுழையும் முன்

இறுதித் தேர்வு நெருங்கும் நாள்களில் புத்தகம் மேசைமீது திறந்தே கிடக்கும். மனம் மட்டும் அதனுள் நுழைய மறுக்கும். நாளை தொடங்கலாம், அடுத்த வாரம் தொடங்கலாம் என்று எண்ணியே பொழுது கழியும். இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அண்ணல் அம்பேத்கரும் பள்ளிப் பருவத்தில் படிப்பில் நாட்டமின்றி இருந்த காலம் ஒன்று உண்டு. அந்நிலையிலிருந்து அவர் எழுந்து, படிக்கத் தொடங்கியது எவ்வாறு? வாருங்கள், அறிவோம்.

ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பம்

பீமராவ் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் ஊரில் பிறந்தார். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் படைவீரர்கள் தங்கியிருந்த பாளைய நகரமாகும். அவருடைய தந்தை இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். தாயார் பீமாபாய். அவர்களுக்குப் பிறந்த 14 குழந்தைகளுள் பீமராவே கடைக்குட்டி.

அக்குடும்பத்தின் பூர்வீக ஊர் கொங்கணப் பகுதியில் உள்ள அம்பாவடே, தாய்மொழி மராத்தி. தந்தை பணி ஓய்வு பெற்றபின் குடும்பம் தபோலிக்கும், பின்னர் சதாராவுக்கும், அதன்பின் பம்பாய்க்கும் இடம்பெயர்ந்தது. ஊர் மாறும்போதெல்லாம் புதிய தெரு, புதிய பள்ளி, புதிய முகங்கள். உங்களுள் பலருக்கும் இது பழகிய அனுபவமாகவே இருக்கும்.

பீமராவ் மிகச் சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையின் தமக்கையாகிய மீராபாய் அத்தை, தாயில்லாப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக எண்ணி வளர்த்தார்.

கோணித்துணியில் அமர்ந்த மாணவர்

1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பீமராவ் சதாராவில் இருந்த அரசுப் பள்ளியில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். அந்நாள் இன்று மகாராட்டிர மாநிலத்தில் மாணவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அன்று அப்பள்ளி அவரை அன்போடு வரவேற்கவில்லை. அவர் பிறந்த மகர் சமூகத்தைத் தீண்டத்தகாதது என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது.

வகுப்பில் அவர் மற்ற மாணவர்களோடு சேர்ந்து அமர இயலாது. தனியே ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணித்துணியை விரித்து அமர்வார். மாலையில் அத்துணியைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்வார். பள்ளியைப் பெருக்கும் பணியாள்கூட அதனைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறக்க அவருக்கு உரிமையில்லை. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட வேண்டும். பணியாள் வராத நாளில் தாகம் தணியாமலேயே அவர் வீடு திரும்பினார்.

இத்தகைய பள்ளியின்மீது ஒரு சிறுவனுக்கு எப்படி விருப்பம் உண்டாகும்? தந்தை மறுமணம் செய்துகொண்டதும் அவருடைய மனத்தை வருத்தியது. பீமராவின் கவனம் பாடங்களிலிருந்து விலகியது. சில காலம் தோட்ட வேலையில் ஈடுபட்டுச் செடி கொடிகளை வளர்த்தார். பிறகு ஆடு மேய்ப்பதில் நாட்டம் கொண்டார். அவர் முன்னேறுவார் என்ற நம்பிக்கை ஆசிரியர்களுக்கும் குறைந்தது.

நான்கு இரவுகள்

அக்காலத்தில் சதாராவைச் சேர்ந்த சிறுவர்கள் சிலர் பம்பாய்க்குச் சென்று, அங்கிருந்த பஞ்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். அச்செய்தி பீமராவின் காதில் விழுந்தது. தாமும் பம்பாய்க்குச் சென்று ஆலையில் சேர்ந்தால் தந்தையின் கையை எதிர்பாராமல் சொந்தக் காலில் நிற்கலாம் என்று அவர் எண்ணினார். ஆனால் தொடர்வண்டிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டுமே! அவரிடம் ஒரு காசும் இல்லை.

அத்தை மீராபாய் தம் பணப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு உறங்குவது வழக்கம். பீமராவ் அவர் அருகிலேயே படுத்திருப்பார். அந்தப் பையை எடுத்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். முதல் இரவு முயன்றார், முடியவில்லை. இரண்டாம் இரவும் மூன்றாம் இரவும் அவ்வாறே கழிந்தன. நான்காம் இரவில் பை கைக்கு வந்தது. நெஞ்சு படபடக்க அதனைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது அரையணா மட்டுமே.

ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பது அக்காலக் கணக்கு. அரையணாவைக் கொண்டு பம்பாய்க்குச் செல்ல இயலாது. தம்மைத் தாய்போல் வளர்த்த அத்தையின் இடுப்புப் பையில் இருந்ததே அவ்வளவுதான். நான்கு இரவுகள் உறக்கமின்றி அஞ்சி நடுங்கியதும், கையில் கிடந்த அந்தச் சிறு நாணயமும் பீமராவை நாணச் செய்தன. இழிவான இவ்வழியில் பணம் தேடக் கூடாது என்று அவர் தெளிந்தார்.

சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்ற விருப்பம் மட்டும் அவரைவிட்டு அகலவில்லை. அதற்கு நேர்மையான வழி எது என்று சிந்தித்தார். கடினமாகப் படித்துத் தேர்வுகளில் விரைந்து தேறினால் தாமே பொருளீட்டித் தம் வாழ்வைத் தாமே நடத்தலாம் என்ற விடை கிடைத்தது. அந்நாள்முதல் விளையாட்டுப் பொழுதுபோக்குகளைக் கைவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

அன்று அவர் மனத்தில் பெரிய இலட்சியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நாட்டுக்குச் சட்டம் வகுக்க வேண்டும் என்றோ, உலகப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற வேண்டும் என்றோ அவர் அப்போது எண்ணவில்லை. பிறர் கையை எதிர்பாராமல் வாழவேண்டும் என்ற எளிய காரணம் ஒன்றே இருந்தது. படிக்கத் தொடங்குவதற்கு அதுவே போதுமானதாக அமைந்தது.

மாற்றத்தை ஆசிரியர்கள் விரைவில் கண்டனர். முன்னர் நம்பிக்கை இழந்திருந்த அவர்களே தந்தையை அழைத்து, பிள்ளைக்குத் தம்மால் இயன்ற மிகச் சிறந்த கல்வியை அளிக்குமாறு அறிவுறுத்தினர்.

ஓர் அறையில் ஒரு பள்ளி

பின்னர் குடும்பம் பம்பாயில் குடியேறியது. தொழிலாளர் மிகுந்த பரேல் பகுதியில், நெருக்கமான அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் ஒரே ஓர் அறை அவர்களுக்குக் கிடைத்தது. சமையல் செய்வது, உண்பது, உறங்குவது, படிப்பது எல்லாம் அவ்வோர் அறையில்தான். பாத்திரங்களும் விறகும் நிறைந்து, அடுப்புப் புகை சூழ்ந்த அவ்வறையில் ஓர் ஆட்டுக்கும் இடம் தரவேண்டியிருந்தது. இருவர் கால் நீட்டிப் படுக்கவும் இடம் போதாது.

தந்தையும் மகனும் இதற்கு ஒரு வழி கண்டனர். பீமராவ் மாலையிலேயே உறங்கிவிடுவார். தந்தை பின்னிரவு 2 மணிவரை விழித்திருப்பார். பிறகு மகனை எழுப்பிவிட்டு, மகன் படுத்திருந்த இடத்தில் தாம் உறங்கச் செல்வார். ஊர் அடங்கிய அந்நேரத்தில், மங்கலாக எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் பீமராவ் விடியும்வரை படிப்பார். படிக்கும் மகனைவிடப் படிக்கவைத்த தந்தை அந்நாள்களில் பட்ட துன்பம் குறைந்ததன்று.

பீமராவுக்குப் பாடநூல்களோடு வேறு நூல்களும் வேண்டியிருந்தன. தந்தையின் ஓய்வூதியமோ சிறிது. எனினும் மகன் கேட்ட நூலை அவர் மறுத்ததில்லை. மணமாகிச் சென்ற மகள்களிடம் சென்று நகையை இரவல் பெறுவார். அதனை அடகு வைத்து நூலை வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார்.

தேர்வு என்னும் வாயில்

பம்பாயின் புகழ்பெற்ற எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பீமராவ் சேர்ந்தார். அங்கும் இழிவு அவரைத் தொடர்ந்தது. ஒருநாள் ஆசிரியர் கணக்கு ஒன்றைச் செய்யுமாறு அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே மற்ற மாணவர்கள் ஓடிச்சென்று, கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் உணவுப் பெட்டிகளை அகற்றினர். அவர் அருகில் வந்தாலே உணவு தீட்டுப்பட்டுவிடும் என்பது அவர்கள் எண்ணம். அந்தக் கூச்சலுக்கு நடுவே பீமராவ் கரும்பலகையை அடைந்து கணக்கைச் செய்து முடித்தார்.

சமற்கிருதம் கற்க அவர் விரும்பினார்; அதற்கும் இடம் தரப்படவில்லை. ஆகவே பாரசீகத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டார். மறுக்கப்பட்ட சமற்கிருதத்தைப் பிற்காலத்தில் தம் முயற்சியாலேயே கற்றார்.

பள்ளி முடிந்ததும் அவர் பொதுப் பூங்கா ஒன்றுக்குச் சென்று அமர்ந்து படிப்பது வழக்கம். அங்கு வந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்னும் ஆசிரியர் அச்சிறுவரின் படிப்பார்வத்தைக் கண்டு அவரோடு நட்புக் கொண்டார்.

1907ஆம் ஆண்டு பீமராவ் மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். மொத்தம் 750 மதிப்பெண்களுக்கு அவர் பெற்றவை 282. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்ப்போர் அதனைப் பெரிதாகக் கருதமாட்டார். ஆயினும் கோணித்துணியும் ஓர் அறை வீடும் பின்னிரவு விளக்கும் கடந்து வந்த வெற்றி அது. அவருடைய சமூகத்தில் அத்தேர்வில் தேறியோர் அக்காலத்தில் மிக அரியர். ஆகவே அவரைப் பாராட்டி ஒரு கூட்டம் நடைபெற்றது. அக்கூட்டத்தில் கெலுஸ்கர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். அந்நூல் விதைத்த எண்ணம் பல்லாண்டுகளுக்குப் பின், 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது கனிந்தது.

விரிந்த நோக்கம்

பள்ளித் தேர்வு அவருக்கு முடிவாக அமையவில்லை, வாயிலாக அமைந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்க, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1913ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அவருக்காக இரவுகளில் விழித்திருந்த தந்தை காலமானார். அவ்வாண்டிலேயே மன்னரின் உதவியுடன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பின்னர் இலண்டனில் பொருளியலும் சட்டமும் பயின்றார். இடையில் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் தாயகம் திரும்பினார். ஆசிரியப் பணியில் பொருள் சேர்த்து, 1920இல் மீண்டும் இலண்டன் சென்று விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1923இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

தாம் மட்டும் தலைநிமிர்ந்தால் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் கல்வி பெறவேண்டும் என்பதற்காக 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகம் மறு ஆண்டில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அரசியலமைப்பு வரைவுக் குழு அமைக்கப்பட்டு, அவர் அதன் தலைவரானார். 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. குழாயைத் தொடத் தடைசெய்யப்பட்ட சிறுவர் தலைமை தாங்கிய குழுவே, அத்தடையைக் குற்றமாக்கும் சட்டத்துக்கு வரைவு தந்தது.

1956ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

மாணவர்களே! பெரிய இலட்சியம் உள்ளத்தில் தோன்றட்டும், அதன்பின் படிக்கலாம் என்று பீமராவ் காத்திருக்கவில்லை. தம் கைக்கு எட்டிய சிறிய காரணத்தைப் பற்றிக்கொண்டு தொடங்கினார். படிக்கப் படிக்கவே நோக்கம் விரிந்தது. உங்களுக்கும் அத்தகைய சிறிய காரணம் ஒன்று இருக்கும். அதனைக் கண்டறிந்து, இன்றே ஒரு பக்கத்தைப் புரட்டுங்கள்.

சொற்பொருள்

நாட்டம் – விருப்பம்
பாளைய நகரம் – படைவீரர்கள் தங்கும் நகரம்
தமக்கை – அக்கா
கோணித்துணி – சாக்குத்துணி
இழிவு – தாழ்வு
பின்னிரவு – நள்ளிரவுக்குப் பிந்திய நேரம்
இரவல் – திருப்பித் தருவதாகக் கூறிப் பெறும் பொருள்
அரியர் – எண்ணிக்கையில் குறைந்தவர்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பீமராவின் குடும்பத்தினருடைய தாய்மொழி ________.
2. அத்தையின் பையில் இருந்த பணம் ________.
3. பீமராவ் மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்ற ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பீமராவ் பம்பாய்க்குச் செல்ல விரும்பியது ஏன்?
2. நூல்கள் வாங்கத் தந்தை எவ்வாறு பணம் திரட்டினார்?
3. பரேல் வீட்டில் தந்தையும் மகனும் உறக்க நேரத்தை எவ்வாறு பகிர்ந்துகொண்டனர்?

இ. விரிவாக விடை எழுதுக.
1. நான்கு இரவுகளின் அனுபவம் பீமராவின் மனத்தை மாற்றியது எவ்வாறு?
2. 282 மதிப்பெண்களைப் பெரிய வெற்றியாகக் கருதலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
அரையணா, பின்னிரவு, படிப்பார்வம்

உ. செயல்பாடு
உம் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பள்ளியில் படித்த காலத்தில் எந்த ஊரில், எந்த மொழியில், எத்தகைய வசதிகளுடன் படித்தனர் என்று கேட்டறிந்து பத்து வரிகளில் தமிழில் எழுதுக.