சுவாலையின் மொழியைக் கற்ற பன்சன்

விஞ்ஞானம் கற்கும் மாணவியருள் பன்சன் சுடரடுப்பை அறியாதவர் இல்லை. ஆயினும், அப்பெயருக்குரிய மனிதரின் வாழ்க்கை அந்த அடுப்பைவிடப் பெரியது என்பதால் அவரைப் பற்றி எழுத விரும்பினேன்.

ரொபேட் பன்சன் 1811 இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் பிறந்தார். 19 வயதிலேயே கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆசனிக் நஞ்சுக்கு இரும்பு ஐதரொட்சைட்டு மாற்று மருந்தாகும் என 1834 இல் கண்டறிந்தார். பின்னர் ஆசனிக் சேர்வைகளை ஆராய்கையில் ஏற்பட்ட வெடிப்பில் வலக்கண்ணின் பார்வையை இழந்தார். நஞ்சினால் உயிருக்கும் ஆபத்து நேர்ந்தது. ஆனாலும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை.

1852 இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உலோக உப்புகள் சுவாலைக்கு நிறமூட்டும் என்பது முன்னரே தெரிந்த விடயம். ஆனால் அக்கால வாயுச் சுவாலை தானே மஞ்சளாகவும் புகையுடனும் எரிந்ததால் நிறங்கள் தெளியவில்லை. எரியுமுன்பே வாயுவுடன் வளியைக் கலக்கும் அடுப்பை, கருவியமைப்பாளர் டெசாகாவின் உதவியுடன் 1855 இல் உருவாக்கினார். வெப்பம் மிகுந்த, நிறமற்ற சுவாலை கிடைத்தது. அதற்குக் காப்புரிமை பெற்றுப் பணம் தேட அவர் முயலவில்லை.

இன்னுமொரு தடை இருந்தது. சிறிதளவு சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள், பொற்றாசியத்தின் மென்னூதாவை மறைத்துவிடும். நாம் நீலக் கோபால்ற் கண்ணாடியூடாகப் பார்ப்பது இதனாலேயே. இலிதியமும் ஸ்ரொன்சியமும் கண்ணுக்குச் சிவப்பாகவே தெரியும். பன்சனும் நிறக் கண்ணாடிகளைக் கொண்டே போராடினார். அரியத்தினூடாகப் பார்க்கலாமே என்ற யோசனையை நண்பரான பௌதிகவியலாளர் கேர்ச்சொப் கூறினார். சுருட்டுப் பெட்டியொன்றும் பழைய தொலைகாட்டித் துண்டுகளும் கொண்டு 1859 இல் இருவரும் திருசியங்காட்டியை அமைத்தனர். ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டியது. அக்கோடுகள் மனிதரின் கைரேகை போன்றவை. ஒன்றினது இன்னொன்றுக்கு இராது.

டூர்க்கைம் ஊற்றின் கனியுப்பு நீரில், எந்த மூலகத்துக்கும் பொருந்தாத இரு நீலக் கோடுகளைப் பன்சன் கண்டார். 40 தொன்னுக்கும் மேற்பட்ட நீரை வற்றவைத்துச் சில கிராம் உப்பைப் பிரித்தெடுத்தார். 1860 இல் அறிவிக்கப்பட்ட அம்மூலகத்துக்கு, வான்நீலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் சீசியம் எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டு, செந்நிறக் கோடுகள் ரூபீடியத்தை வெளிப்படுத்தின.

திருமணம் செய்யாத பன்சன், 78 வயதுவரை மாணவர்களுக்குக் கற்பித்து, 1899 இல் காலமானார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று. முதலில் தெரியும் நிறமே முழு உண்மையாகாது. மஞ்சளுக்குப் பின்னால் ஊதா மறைந்திருக்கலாம். ஒரு கண் பார்வையை இழந்தவர் அதைப் பொறுமையுடன் தேடினார். நண்பரின் நல்ல யோசனையை ஏற்கவும் தயங்கவில்லை. இரு கண்களையும் அல்லாஹ்வின் அருட்கொடையாகப் பெற்ற நாம், எதையும் ஒருமுறை பார்த்தவுடன் முடிவு கூறலாமா, தோழியரே?