பட்டிதொட்டிகளில் பாடம் கேட்ட பார்டோக்

இனவிசையியல் என்றொரு துறை இன்று பல்கலைக் கழகங்களில் இருக்கிறது. முதுகலைப் பட்டத்திற்கு அதை எடுத்துப் படிக்கலாம். மாணவன் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்ப்புறம் போகிறான், பாடத் தெரிந்த பாட்டியிடம் கெஞ்சுகிறான், பதிந்து வந்ததைச் சுரப்படுத்தி ஆய்வுரை எழுதுகிறான், பட்டம் பெறுகிறான். அத்துறைக்கு அந்தப் பெயர் வழங்கத் தொடங்கியதே 1950-இல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்பே, பாடத்திட்டமும் பட்டமும் இல்லாத காலத்தில், அந்த வேலையைச் செய்தவர்களுள் தலையாயவர் ஹங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்டோக்.

அவர் 1881 மார்ச் 25-இல் நாடிசென்ட்மிக்லோஷ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வேளாண்மைப் பள்ளியின் தலைமையாசிரியர். மகனுக்கு ஏழு வயதாகும்போதே அவர் மறைந்தார். தாயார் பௌலா அம்மையார் பள்ளிகளில் ஆசிரியப் பணி பார்த்தும் பியானோ கற்பித்தும் இரு குழந்தைகளையும் வளர்த்தார். வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் குடும்பம் பெயர்ந்தது. பார்டோக் பிறந்த ஊர் இன்று ருமேனியாவில் இருக்கிறது. சிறுவனாய்ப் பியானோ பழகிய ஊர் உக்ரேனில். பள்ளிப் படிப்பை முடித்த ஊர் ஸ்லோவாக்கியாவில். அவர் இடம் மாறியதோடு நிற்கவில்லை. எல்லைக் கோடுகளும் இடம் மாறின. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரப்போகும் பூசல் புரியும்.

1899-இல் புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் சேர்ந்தார். இளமைக்கே உரிய நாட்டுப்பற்று அவரிடம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஹங்கேரிய உடையில் மேடையேறுவார். விடுதலை வீரர் கோஷூத் பெயரால் 1903-இல் இசைக்காவியம் ஒன்று இயற்றினார். ஆனால் அன்று ஹங்கேரிய இசை என்று உலகம் கொண்டாடியது எது? நகரத்து உணவு விடுதிகளில் ஜிப்சி இசைக்குழுக்கள் வாசித்த மெட்டுகள். நேற்றைக்கு யாரோ இயற்றிய பாட்டுகள். மாமேதை லிஸ்ட்டுக்கே அந்த மயக்கம் இருந்தது.

மயக்கம் தெளிய ஒரு பணிப்பெண் தேவைப்பட்டாள். 1904 கோடையில் ஒரு சிற்றூரில் தங்கியிருந்த பார்டோக்கின் காதில் பக்கத்து அறையிலிருந்து ஒரு பாட்டு விழுந்தது. டிரான்சில்வேனியாவிலிருந்து வந்து குழந்தை பார்த்துக்கொண்டிருந்த லிடி டோசா என்ற இளம்பெண் பாடிக்கொண்டிருந்தாள். பார்டோக் வியந்தார், எழுதிக்கொண்டார், இன்னும் பாடச் சொன்னார். தாம் அதுவரை கேட்டறியாத ஓர் ஹங்கேரி அந்தப் பெண்ணின் தொண்டையில் இருந்தது.

அடுத்த ஆண்டு ஸோல்டான் கோடாய் அவருக்கு நண்பரானார். கோடாய் முறையாக ஆராய்ந்தவர். நாட்டுப்பாடல்களின் யாப்பமைதியை ஆய்ந்து 1906-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பார்டோக்குக்குத் துறை நெறியைக் கற்பித்தவர் அவரே எனலாம். எடிசன் கண்ட போனோகிராபையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு இருவரும் வெவ்வேறு திசையில் புறப்பட்டனர். 1907-இல் பார்டோக் இசைக் கழகத்தில் பியானோப் பேராசிரியரானார். விடுமுறை விட்டால் பேராசிரியரைக் கிராமத்தில்தான் பார்க்கலாம்.

பாட்டு எளிதில் கிடைத்துவிடவில்லை. கிழவியிடம் பழம்பாட்டு கேட்டால் தெரியாது என்பாள். வற்புறுத்தினால் கோயில் பாட்டைத் தொடங்குவாள். அது வேண்டாம் என்றால், பட்டணத்துத் துரைக்கு இதுதான் பிடிக்கும் என்று எண்ணிப் பட்டணத்துப் பாட்டையே திருப்பிப் பாடுவாள். பொழுது போய்விடும். நம் ஊர்ப் பாட்டிமாரிடம் ஒப்பாரி கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பொறுமையோடு உட்கார்ந்தவருக்கு உண்மை கிட்டியது. 1907-இல் டிரான்சில்வேனியாவின் மலைநாட்டில் முதியவர்கள் பாடிய பாட்டுகள், மேலிருந்து கீழே இறங்கும் ஐந்து சுர மெட்டுகளாக இருக்கக் கண்டார். விடுதி மெட்டுகளுக்கும் அவற்றுக்கும் உறவே இல்லை. 1924-இல் வெளியிட்ட நூலில் பழைய பாணி, புதிய பாணி, கலப்புப் பாணி என்று ஆயிரக்கணக்கான பாட்டுகளை வகைப்படுத்தினார்.

இத்துடன் நின்றிருந்தால் அவருக்கு மாலையும் மரியாதையும் குறைவின்றிக் கிடைத்திருக்கும். அவர் நிற்கவில்லை. ஸ்லோவாக்கியர் பாட்டைத் தேடினார். அவர்கள் மொழியைக் கற்றார். ருமேனியர் பாட்டைத் தேடினார். அவர்கள் மொழியையும் கற்றார். 1913-இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா வரை சென்று அராபியர் இசையைப் பதிந்தார். ருமேனியப் பாட்டுகள் மட்டும் 3,000-க்கு மேல். தம் தாய்மொழியில் அவர் நேரில் சேர்த்தவற்றை விட இது மிகுதி!

முதல் உலகப் போர் முடிந்தது. 1920-இல் ஹங்கேரி தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தது. டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போயிற்று. அதே ஆண்டில் பார்டோக் ருமேனியர் இசை பற்றிய கட்டுரை ஒன்றை ஜெர்மன் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். எதிரியின் இசையைப் போற்றுகிறார், நாட்டுக்குத் துரோகம் செய்கிறார் என்று புடாபெஸ்ட் இதழ்கள் சீறின. வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகள் கழித்து ருமேனியாவிலும் கண்டனம் எழுந்தது. ஹங்கேரிய வெறியோடு எழுதுகிறார் என்றனர். இரு பக்கமும் ஏசினால் ஆராய்ச்சியாளன் நடுவில் நிற்கிறான் என்று கொள்ளலாமோ? எப்போதும் அப்படிக் கொள்ள முடியாது; இவர் விஷயத்தில் கொள்ளலாம். கோஷூத் காவியம் பாடிய அதே மனிதர், எந்த மெட்டு எவரிடமிருந்து எவருக்குப் போயிற்று என்பதைச் சான்று காட்டிய வழியே எழுதினார்.

1934-இல் பியானோ வகுப்பினின்று விடுதலை கிடைத்தது. அறிவியல் பேரவையில் அமர்ந்து பழைய உருளைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். முன்பு தாம் எழுதிய சுரக்குறிப்புகளையே திருத்தினார். 1936-இல் துருக்கி சென்றார். அட்னான் சைகுன் என்ற இளம் இசைப்புலவர் துணை வந்தார். தெற்கே அனடோலியாவில் எழுபது வயதுக் கிழவர் ஒருவர் வாய் திறந்து பாடிய முதற் பாட்டே பழைய ஹங்கேரிய மெட்டு ஒன்றைப் போலிருந்தது. பார்டோக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதற்குள் ஐரோப்பாவில் இருள் சூழ்ந்துவிட்டது. நாஜிகள் ஆஸ்திரியாவைக் கவர்ந்ததும், வியன்னாவில் தாம் உறுப்பினராயிருந்த இசையுரிமைச் சங்கம், ஆரிய இரத்தம் உண்டா என்று வினவும் படிவத்தை அனுப்பியது. பார்டோக் நிரப்ப மறுத்து இலண்டன் பதிப்பகத்துக்கு மாறினார். 1939 இறுதியில் தாயார் மறைந்தார். நாட்டில் அவரைக் கட்டிவைத்திருந்த கயிறு அறுந்தது. 1940 அக்டோபரில் புறப்படும் முன் உயில் எழுதினார். ஹிட்லர், முசோலினி பெயர்களில் தெருக்கள் இருக்கும் வரையில் தம் பெயரை எந்தத் தெருவுக்கும் சூட்டலாகாது என்பது அதில் ஒரு விதி.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மில்மன் பாரி என்ற அறிஞர் யூகோஸ்லாவியாவில் பதிந்து வந்த பாட்டுகளைச் சுரப்படுத்தும் வேலையும் அங்கே கிடைத்தது. ஆனால் அது நிலையான வேலையன்று. பட்டம் நிலைத்தது, சம்பளம் நிலைக்கவில்லை. ஊரை விட்டு விடுதியில் வாழும் நமக்கு மாதக் கடைசி என்றால் என்னவென்று தெரியும். அறுபதை எட்டிய பார்டோக் நோயோடு அதை அனுபவித்தார். 1942-இல் எழுதிய கட்டுரையில் இசையில் தூய இனம் என்று ஒன்று இல்லை, கலப்பினாலேயே நாட்டுப்பாடல் வளம் பெற்றது என்று நிறுவினார். மறு ஆண்டு ஹார்வர்டில் உரையாற்ற வந்தவரை நோய் சாய்த்தது. இரத்தப் புற்று. அந்நிலையிலும், பாஸ்டன் இசைக்குழுத் தலைவர் கூசவிட்ஸ்கி வேண்டியதற்கிணங்க வாத்தியக் குழுவுக்கான கன்சர்ட்டோவை எழுதி முடித்தார். 1944 டிசம்பரில் அது அரங்கேறி அவருக்குப் பெரும்புகழ் தந்தது.

1945 செப்டம்பர் 26-இல் நியூயார்க்கில் உயிர் நீத்தார். 1988-இல் அவருடைய எச்சங்களைப் புடாபெஸ்டுக்குக் கொண்டுசென்று அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தனர். ருமேனியப் பாட்டுகளின் கைப்பிரதிக்குப் பதிப்பாளர் கிடைக்காமல், அதைக் கொலம்பியா நூலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். அது 1967 முதல் 1975 வரை ஐந்து தொகுதிகளாக ஹேக் நகரில் அச்சாயிற்று.