ஏ. வெங்கோபா ராவ்

ஏ. வெங்கோபா ராவ் (1927 - 2005) மதுரையில் பணியாற்றிய மனநல மருத்துவரும் ஆய்வாளரும் ஆவார். மதுரை மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். தற்கொலை முயற்சி, மனச்சோர்வு, முதியோர் மனநலம் ஆகியன இவரது முதன்மையான ஆய்வுத் துறைகள். 1982ஆம் ஆண்டில் டி. மாதவனுடன் இணைந்து இவர் வெளியிட்ட, மதுரையை அடுத்த திருப்புவனத்து முதியவர்களைப் பற்றிய கணக்கெடுப்பு, முதுமையில் ஏற்படும் மறதியையும் மனநோய்களையும் பற்றிய இந்திய ஆய்வுகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

பொது மருத்துவமனையில் மனநல மருத்துவம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தியாவில் மனநோய்க்கான மருத்துவம் பெரும்பாலும் நகருக்கு வெளியே மதில் சூழ்ந்த மருத்துவமனைகளிலேயே நடைபெற்றது. சென்னை மாகாணத்தில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இத்தகையது. பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு அமைக்கும் வழக்கம் 1933இல் கல்கத்தாவில் தொடங்கி மெதுவாகவே பரவியது.

வெங்கோபா ராவ் பணியாற்றிய மதுரை எர்ஸ்கின் மருத்துவமனை, 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரைக் கொண்டது. பின்னர் இது அரசு இராசாசி மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1954இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரி இதனுடன் இணைந்தது. காய்ச்சல், எலும்பு முறிவு, பாம்புக்கடி என்று தென்மாவட்டங்களின் எல்லா நோயாளிகளும் வந்து சேரும் இடம் இது. மனநல மருத்துவமனைக்கு ஒருபோதும் செல்லாதவர்களும் இங்கே மனநல மருத்துவரின் கண்ணில் பட்டனர். வெங்கோபா ராவின் ஆய்வுகள் அனைத்தையும் இந்தச் சூழலோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

1965ஆம் ஆண்டில் இவர் எர்ஸ்கின் மருத்துவமனையில் தற்கொலைக்கு முயன்று சேர்க்கப்பட்ட 114 பேரை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அக்காலத்தில் தற்கொலை முயற்சி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றமாகும். எனவே உயிர் பிழைத்தவரை மருத்துவமனை நோயாளியாகவும் காவல்துறை குற்றவாளியாகவும் நோக்கின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே, அவ்வாறு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொள்ள வேண்டும் என்று கூறியது. மதுரைப் பகுதித் தற்கொலைகளைப் பற்றிய இவரது ஆய்வு 1980களின் இறுதி வரை தொடர்ந்தது.

மனச்சோர்வு ஆய்வுகள்

இந்தியர்களிடம் மனச்சோர்வு நோய் அரிது என்பது காலனிய கால மருத்துவர்கள் பலரின் கருத்தாக இருந்தது. குற்றவுணர்வு இங்குள்ள நோயாளிகளிடம் காணப்படுவதில்லை என்றும் கூறப்பட்டது. இந்தியப் பண்பாட்டில் மனச்சோர்வும் குற்றவுணர்வும் எவ்வாறு தொடர்புற்றுள்ளன என்பதை வெங்கோபா ராவ் 1973இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். 1977இல் என். நம்மாழ்வாருடன் சேர்ந்து, மதுரையில் மருத்துவம் பெற்ற 122 மனச்சோர்வு நோயாளிகளின் நோய்ப்போக்கைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்டறிந்து பிரித்தானிய மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார். முகவரி அடிக்கடி மாறும், தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் நோயாளிகளை மீண்டும் தேடிக் கண்டுபிடிப்பது எளிதான செயலன்று. லித்தியம் மருந்தால் நோய் மீள்வதைத் தடுத்தல், மனச்சோர்வுற்றோரின் சிறுநீரில் மெலடோனின் அளவு ஆகியவை பற்றியும் இவரது குழு ஆராய்ந்தது. மனச்சோர்வு நோய் பற்றிய இவரது நூலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1986இல் வெளியிட்டது.

மறதியும் மனச்சோர்வும்

மனச்சோர்வை ஆராய்ந்தவர் முதியோர் மறதியை நோக்கி வந்ததில் வியப்பில்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றக்கூடியவை. 1906இல் செருமானிய மருத்துவர் அலோய்சு ஆல்சைமர் ஒரு பெண்ணின் மூளையில் கண்ட மாற்றங்களை அறிவித்த பின்னரும், முதுமையில் தோன்றும் மனக்குழப்பங்கள் அனைத்தும் மூளை தேய்வதன் விளைவே என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1955இல் இங்கிலாந்தில் மார்ட்டின் ராத், மனநல மருத்துவமனையில் சேர்ந்த முதியோரைப் பின்தொடர்ந்து பார்த்து, அவர்களுள் மனச்சோர்வுற்றோரின் நிலையும் டிமென்சியா எனப்படும் மறதிநோய் உற்றோரின் நிலையும் வெவ்வேறாக முடிவதைக் காட்டினார். முன்னவருள் பலர் குணமடைந்து வீடு திரும்பினர். 1961இல் கைலோ என்பவர், மனச்சோர்வு போன்ற நோய்கள் மறதிநோயைப் போல் தோன்றும் நிலையைப் போலி மறதிநோய் என்னும் பெயரில் விளக்கினார்.

இரண்டையும் வேறுபடுத்த மருத்துவர்கள் பார்க்கும் குறிகள் சில உண்டு. மனச்சோர்வால் வரும் மறதி பெரும்பாலும் சில வாரங்களில் தொடங்கும். நோயாளியே தமக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை என்று முறையிடுவார். கேள்வி கேட்டால் தெரியாது என்று கூறி முயலாமலே விட்டுவிடுவார். மறதிநோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். முறையிடுபவர் பெரும்பாலும் மகனோ மருமகளோ ஆவர். நோயாளி தவறான விடையையே உறுதியாகக் கூறக்கூடும். இக்குறிகள் எப்போதும் தெளிவாக அமைவதில்லை. முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலரிடம் பின்னாளில் வரும் மறதிநோயின் முன்னறிகுறியாக இருப்பதும் இன்று அறியப்பட்டுள்ளது. ஆயினும் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவதால் இழக்கப்படுவது குணமாகக்கூடிய ஒருவரின் எஞ்சிய வாழ்நாள் ஆகும்.

திருப்புவனம் கணக்கெடுப்பு

மருத்துவமனைக்கு வருபவரை மட்டும் கொண்டு ஊரின் நிலையை அறிய முடியாது. அதிலும் முதியவர், யாரேனும் அழைத்து வந்தாலன்றி வரமாட்டார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1960களில் வீடுதோறும் சென்று நடத்தப்பட்ட ஆய்வு, மறதிநோய் கொண்டவர்களில் பெரும்பாலோர் எந்த நிறுவனத்திலும் சேராமல் வீட்டிலேயே இருந்ததை வெளிப்படுத்தியது. வெங்கோபா ராவும் மாதவனும் தம் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தது திருப்புவனம். வைகைக் கரையில் மதுரைக்குத் தென்கிழக்கே அமைந்த இப்பேரூர், நகரமும் அன்று, சிற்றூரும் அன்று. (அகழாய்வால் அறியப்பட்ட கீழடி இவ்வட்டத்தில் உள்ளது.) 60 வயதும் அதற்கு மேலும் உடைய 686 பேர் ஆய்வில் இடம்பெற்றனர். ஆயிரத்துக்கு 89 பேர், அதாவது ஏறத்தாழ 61 பேர், மனநோய் உடையவராகக் கண்டறியப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் மனச்சோர்வு கொண்டவர்கள். அதன் அளவு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 60 ஆகும்.

இவ்வெண்களைப் பிற ஆய்வுகளோடு ஒப்பிடுகையில் எச்சரிக்கை தேவை. 1979இல் சென்னையில் இராமச்சந்திரன், சாரதா மேனன் முதலியோர் 50 வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய ஆய்வு 35 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கூறியது. வயது வரம்பு, ஊரின் தன்மை, எவ்வளவு கடுமையான குறைபாட்டை நோய் எனக் கணக்கிடுவது ஆகியன மாறினால் எண்ணும் மாறும். திருப்புவனத்தின் எண்ணைக் காட்டிலும் அதன் உள்ளடக்கமே முதன்மையானது. கூட்டுக் குடும்பம் உள்ள நாட்டில் முதியோர்க்கு மனநலக் குறை இராது என்பது அக்காலத்தில் பரவலாக இருந்த நம்பிக்கை. பேரன் பேத்திகள் சூழ்ந்த வீட்டிலும் ஒருவர் சோர்வுற்றிருக்கலாம், அதை எவரும் நோயென்று எண்ணாதிருக்கலாம் என்பதை இக்கணக்கெடுப்பு உணர்த்தியது. 1983இல் முதியோரின் மனச்சோர்வு, தற்கொலை நடத்தை பற்றி இவ்விருவரும் தனிக்கட்டுரை ஒன்றை வெளியிட்டனர்.

கிராமப்புற முதியோர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக வெங்கோபா ராவ் மேற்கொண்ட இரு ஆய்வுகளின் அறிக்கைகள் 1987இலும் 1990இலும் வெளிவந்தன. முன்னது மனநல உதவி நாடி வரும் முதியோரைப் பற்றியது. பின்னது கிராமப்புற முதியோரின் உடல்நலம் பற்றியது. இரண்டாம் அறிக்கையின்படி 88 விழுக்காட்டினருக்குப் பார்வைக் குறைபாடும், 40 விழுக்காட்டினருக்கு நடமாட்டத்தில் இடர்ப்பாடும் இருந்தன. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதன் தேவையையும் இவ்வெண் விளக்கும்.

பார்வைக்கும் நினைவாற்றல் ஆய்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1975இல் அமெரிக்காவில் உருவான, 30 மதிப்பெண் கொண்ட சிறு மனநிலைத் தேர்வு, ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்யவும், ஒரு வாக்கியம் எழுதவும், படத்தைப் பார்த்து வரையவும் கேட்கிறது. கண்புரை உள்ளவரோ எழுதப்படிக்கத் தெரியாதவரோ நல்ல நினைவாற்றல் இருந்தும் இதில் மதிப்பெண் இழப்பார். ஆங்கிலத் தேதி கேட்டால் விழிப்பவர், இது ஆடியா ஆவணியா என்று கேட்டால் உடனே விடை கூறக்கூடும். இக்குறையைக் களைய அரியானாவின் பல்லப்கர் பகுதிக்காக இந்தியில் மாற்றியமைக்கப்பட்ட தேர்வு 1995இல்தான் வெளிவந்தது.

பிற பணிகளும் பின்வந்த ஆய்வுகளும்

வெங்கோபா ராவ் 1970களில் இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்தார். பண்டைய இந்தியாவின் மனநலச் சிந்தனைகள் குறித்து 1978இல் அவ்விதழில் எழுதினார். மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த உடல்நலமும் நடத்தையும் பற்றிய உயராய்வு மையத்துக்கும் இவர் பொறுப்பேற்றிருந்தார். 1993இல் இந்தியாவின் முதியோர் மனநல மருத்துவம் குறித்துப் பன்னாட்டு இதழொன்றில் மதிப்பாய்வுக் கட்டுரை எழுதினார்.

தமிழகத்தில் மறதிநோயைத் தனித்துக் கணக்கிட்ட ஆய்வு 1990களில் சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பகுதியில் நடந்தது. அங்கு 60 வயதைக் கடந்தோரில் 3.5 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. உலகின் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், அவர்களைப் பற்றிய ஆய்வு மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதைச் சுட்டும் 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுக்குழு 1998இல் கொச்சியில் உருவாயிற்று. வெங்கோபா ராவ் 2005ஆம் ஆண்டில் காலமானார். 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோய் உடையவர்கள் என மதிப்பிட்டது.