தோற்றுப்போன கல்வி மசோதா

புது தில்லி: ரத்தினகிரி மாவட்டத்தில் 1866-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கோபாலகிருஷ்ண கோகலே. தந்தை மறைந்தபின், அண்ணன் தமது மாதச் சம்பளம் 15 ரூபாயில் 8 ரூபாயை அனுப்பித் தம்பியைப் படிக்க வைத்தார்.

புணேயில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றிய கோகலே, 1911 மார்ச்சில் கல்கத்தாவில் கூடிய மத்திய சட்டசபையில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். 6 முதல் 10 வயது வரையிலான சிறுவர்களுக்குக் கட்டாயக் கல்வி. மாத வருவாய் 10 ரூபாயைத் தாண்டாத பெற்றோரிடம் கட்டணம் கூடாது. கட்டாயமாக்குவதைக்கூட உள்ளாட்சி அமைப்புகளின் விருப்பத்துக்கே விட்ட, மிக மிதமான மசோதா அது. ஆயினும் அரசு எதிர்த்தது. இந்திய உறுப்பினர்கள் சிலரும் உடன் சேர்ந்தனர். 1912 மார்ச் 19-இல் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 13, எதிர்ப்பு 38.

கோகலே 1915-இல் 48-ஆவது வயதில் காலமானார். 6 முதல் 14 வயது வரையிலான அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு 2009.